படித்தவர் சொல்லட்டும்

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு ஜூஜுவாடியில் தொடங்குகிறது. சோதனைச்சாவடி, ஓரங்கட்டி நிற்கும் லாரிகள், ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசையாக வரும் கம்பெனி பஸ்கள், சந்துக்குச் சந்து வாடகை அறைகள் என்றுதான் வெளியூர்க்காரர் இந்த ஊரை நினைவில் வைத்திருப்பார். 1970-களில் இதை ஒட்டிய ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதன்பின் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் என்று ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. தமிழ்நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது. இந்த வட்டாரத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் உற்பத்தி, முதலீடு, நிலத்தின் விலை என்றே ஓடுகிறது. இங்கே இருப்பவர்கள் என்ன படிக்கிறார்கள், படித்ததைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். தமிழில் புத்தகங்களைப் பற்றி வெளிவரும் கருத்துகளில் பெரும்பகுதி எழுத்தாளர்கள் எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்வது. காசு கொடுத்து வாங்கியவரும், நூலகத்தில் இரவல் வாங்கி நைட் ஷிப்ட் முடிந்த காலையில் படித்தவரும் அதில் அநேகமாக இல்லை. இன்னொரு குறையும் உண்டு. தீவிர இலக்கியம் ஒரு பக்கம், வெகுஜன எழுத்து இன்னொரு பக்கம் என்று பிரித்துவிட்டுத்தான் பேச்சே தொடங்குகிறது. வாசகர் அப்படிப் பிரிந்து வாழ்வதில்லை. துப்பறியும் கதை, புராணம், காட்டுக் கதை, சுயசரிதை, பரீட்சைக்கான கைடு எல்லாம் அவர் அறையில் ஒரே பலகையில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு புத்தகமும் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றியதா என்று பார்த்துத்தான் அதை மதிப்பிட வேண்டும். ஒரு வகைக்கான அளவுகோலை எடுத்துப்போய் இன்னொரு வகையை அடிக்கக் கூடாது.

இதைச் சொல்ல ஓசூர் வட்டாரத்தை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இந்த ஊரைச் சுற்றிப் பிறந்த, இங்கே வாழ்ந்து எழுதிய, இந்த மண்ணைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களை மட்டும் அடுக்கினாலே ஏறக்குறைய எல்லா வகையும் வந்துவிடும்.

முதலில் நிற்பவர் ராஜாஜி. ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர். முதலமைச்சர், கவர்னர் ஜெனரல் என்ற பதவிகள் அவருடைய எழுத்தை மறைத்துவிட்டன. ஒரே ஆள் எத்தனை வகைகளில் கைவைத்திருக்கிறார் என்று பார்த்தால் வியப்பு வரும். வேலூர்ச் சிறையில் இருந்த நாட்களை ‘சிறையில் தவம்’ என்று எழுதினார். சிறுகதைகள் எழுதினார். வேதியியலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். மகாபாரதத்தை ‘வியாசர் விருந்து’ ஆக்கினார். ராமாயணத்தைச் சொன்ன ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது.

இவற்றில் இன்றைய வாசகருக்கு எது நிற்கும்? ‘சக்கரவர்த்தித் திருமகன்’ உரைநடை இன்றும் நிற்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பாட்டியும் பத்தாம் வகுப்புப் பேரனும் சேர்ந்து படிக்கக்கூடிய தமிழ் அது. வார்த்தை வீண்போகாது, வாக்கியம் நீளாது. ஆனால் பட்டாபிஷேகத்தோடு கதையை நிறுத்திக்கொண்டு உத்தர காண்டத்தை ராஜாஜி விட்டுவிட்டார். சீதை மறுபடி காட்டுக்கு அனுப்பப்படும் பகுதி வாசகருக்குக் கிடைக்காமல் போகிறது. பக்தி நூல் என்ற வகையில் அது சரியாக இருக்கலாம். சீதையின் பக்கம் நின்று கேள்வி கேட்கும் வாசகருக்கு அது போதாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் ராஜாஜிக்கு எந்த மரியாதைக் குறைவும் இல்லை. ‘திண்ணை ரசாயனம்’ பற்றி யாருமே பேசுவதில்லை என்பதுதான் பெரிய வருத்தம். கலைச்சொல் பட்டியல்கள் முழுமையாகட்டும் என்று காத்திராமல், தெரிந்த தமிழை வைத்து அறிவியலைச் சொல்லிப் பார்க்கலாம் என்ற துணிச்சல் அதில் இருக்கிறது. ரசாயனத் தொட்டியருகே வேலை பார்க்கும் இன்றைய அப்ரண்டிஸ் ஒருவருக்கு அந்தத் துணிச்சலில் பிறந்த புதிய புத்தகங்கள் தேவைப்படுகின்றன.

அதே மகாபாரதம், எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு முகம் காட்டுகிறது. எஸ்.எல். பைரப்பா கன்னடத்தில் 1979-இல் வெளியிட்ட ‘பர்வ’ நாவலில் தெய்வங்கள் இல்லை, வரங்கள் இல்லை, குருட்சேத்திரத்தில் பிணங்கள் நாறுகின்றன. குந்தியும் திரௌபதியும் தங்கள் உடலைப் பற்றியும் முதுமையைப் பற்றியும் யோசிக்கிறார்கள். பெங்களூரில் வாழும் பாவண்ணன் இதை ‘பருவம்’ என்று தமிழாக்கினார். அதற்கு மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாடமி விருதும் கிடைத்தது. ‘வியாசர் விருந்’தைப் படித்துவிட்டு உடனே ‘பருவ’த்தை எடுப்பவருக்கு முதல் நூறு பக்கங்கள் அதிர்ச்சியாக இருக்கும். ஒன்று குழந்தைக்கும் சொல்லலாம் என்று எழுதப்பட்டது. மற்றொன்று வயதுவந்தவருக்கு மட்டும். எது சரியான மகாபாரதம் என்று சண்டை போடுவது வீண். எஸ். ராமகிருஷ்ணனின் ‘உப பாண்டவம்’, 2014 தொடங்கி 2020 வரை 26 நாவல்களாக ஜெயமோகன் எழுதிய ‘வெண்முரசு’ என்று தமிழில் இந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஒரு கதையை இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொல்ல, அத்தனையையும் படித்து ஒப்பிட வாய்த்திருப்பது தமிழ் வாசகரின் பெரும்பேறு.

புராணத்திலிருந்து காட்டுக்குப் போகலாம். கென்னத் ஆண்டர்சன் பெயரை ஓசூர் இளைஞர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? 1910-இல் பிறந்து 1974-இல் மறைந்த அவர் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், வேட்டைக்காரர். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிப்போன அனுபவங்களை ஆங்கிலத்தில் எழுதினார். அவருடைய கதைகளில் வரும் ஊர்கள் இமயமலை அடிவாரத்தில் இல்லை. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, கும்ளாபுரம், பென்னாகரம் என்று டவுன் பஸ் பலகையில் பார்க்கும் பெயர்களே அவை. கும்ளாபுரம் பகுதியில் திரிந்த சிறுத்தை 42 பேரைக் கொன்றது என்று அவர் எழுதுகிறார். பூஜாரி பைரா என்ற காட்டு மனிதர் கதைக்குக் கதை வருகிறார். காட்டை ஆண்டர்சனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

ஜிம் கார்பெட்டின் புத்தகத்தைத் தி.ஜ.ர. ‘குமாயுன் புலிகள்’ என்று அழகாகத் தமிழாக்கியதால் தமிழ் வாசகருக்குக் கார்பெட் நெருக்கமானார். சொந்தக் காட்டைப் பற்றி எழுதிய ஆண்டர்சனுக்கு அந்த நெருக்கம் வாய்க்கவில்லை. இருட்டில் மரத்தின்மேல் உட்கார்ந்து காத்திருக்கும் நேரத்தை அவரைப்போல எழுதியவர்கள் குறைவு. ஒவ்வொரு சத்தத்துக்கும் என்ன பொருள் என்று சொல்லிச் சொல்லி வாசகரின் காதைக் கூர்மையாக்கிவிடுவார். குறையும் இருக்கிறது. கிராமத்து மக்கள் பெரும்பாலும் பயந்தவர்களாக, மூடநம்பிக்கை உள்ளவர்களாக வருகிறார்கள். காப்பாற்றுபவர் எப்போதும் துப்பாக்கியோடு வரும் துரைதான். அந்தக் காலத்துப் பார்வை அது என்று தெரிந்தே படிக்க வேண்டும். இன்றைக்குப் பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி, சானமாவு என்று யானைகள் ராகி விளையும் காலத்தில் வருகின்றன. விவசாயி இரவெல்லாம் பரணில் விழித்திருக்கிறார். அந்த விவசாயியின் வாயிலிருந்து இந்தக் காட்டின் கதை எழுதப்பட்டால் ஆண்டர்சனுக்குச் சரியான பதில் கிடைக்கும்.

ஆண்டர்சன் விட்ட இடத்தில் சூழலியல் எழுத்து தொடங்குகிறது. அஞ்சல் துறையில் உயர்பதவியில் இருந்து ஓய்வுபெற்றுப் பெங்களூரில் வாழும் சு. தியடோர் பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’, ‘தாமரை பூத்த தடாகம்’ ஆகிய கட்டுரைத் தொகுப்புகள் துப்பாக்கி இல்லாமல் காட்டுக்குள் போகின்றன. பறவைக்கும் செடிக்கும் மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் பெயர்களைத் தேடிப் பிடித்து அவர் எழுதுகிறார். கட்டுரைகள் சிறியவை, கம்பெனி பஸ்ஸில் ஒரு பயணத்துக்கு ஒன்று படித்துவிடலாம். வேட்டைக் கதையில் கிடைக்கும் விறுவிறுப்பு இங்கே கிடைக்காது. அதை எதிர்பார்த்து எடுப்பவர் ஏமாறுவார். ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் சும்மா நிற்கத் தூண்டுவதுதான் இந்தப் புத்தகங்கள் தரும் வாக்கு. அதை அவை காப்பாற்றுகின்றன.

பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதாவை எந்த வகையில் அடைப்பது? துப்பறியும் கதை, அறிவியல் கதை, நாடகம், சரித்திரக் கதை, கட்டுரை, கேள்வி பதில் என்று எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். ‘கணையாழி’ இதழில் அவர் எழுதிய கடைசிப் பக்கத்தில் புதுக்கவிதையும் சினிமாவும் பெங்களூர் வாழ்க்கையும் ஒன்றாகக் கலந்து வந்தன. புத்தகங்களைப் பற்றித் தமிழில் எப்படிக் கலகலப்பாகக் கருத்துச் சொல்லலாம் என்று காட்டியவரும் அவர்தான். அவருடைய ‘என் இனிய இயந்திரா’ 2021-ஆம் ஆண்டில் நடக்கும் கதை. ஒரு சர்வாதிகார அரசு, இரண்டெழுத்துப் பெயர்களோடு வாழும் மக்கள், குழந்தை பெறவே அனுமதி கேட்க வேண்டிய நிலை, நடுவில் ஜீனோ என்ற இயந்திர நாய். அந்த 2021 வந்து போய்விட்டது. கதையில் வரும் கருவிகள் சில இன்று பழையதாகத் தெரிகின்றன. ஆனால் மேலிருந்து யாரோ எல்லாரையும் கண்காணிக்கிறார்கள் என்ற அச்சம் பழையதாகவில்லை. ரோபோக்கள் வெல்டிங் செய்யும் ஆலையில் வேலை பார்ப்பவருக்கு ஜீனோ இன்னும் நெருக்கமாகவே தெரியும். வார இதழ்த் தொடராக எழுதியதன் அவசரம் சில அத்தியாயங்களில் தெரிகிறது. அறிவியல் கதை வருங்காலத்தைச் சரியாகக் கணித்ததா என்று பார்ப்பவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் மாத நாவல்களுக்கு மரியாதை கொடுக்கத் தமிழ் விமர்சனம் தயங்கிக்கொண்டே இருக்கிறது. ராஜேஷ்குமார் 1500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா ஜோடிகளோடு வளர்ந்த ஒரு தலைமுறை இன்று ஓசூர் ஆலைகளில் மேற்பார்வையாளர்களாக இருக்கிறது. ரமணிசந்திரனின் குடும்பக் கதைகளை இரவல் கொடுத்து வாங்கிப் படித்த பெண்கள் பல்லாயிரம் பேர். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் இந்த எழுத்துகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. உள்ளூரில் இன்னும் பார்வை மாறவில்லை.

மாத நாவல்களுக்கும் நேர்மையான தீர்ப்பு தேவை. ஒரே மூச்சில் படிக்கவைப்பேன் என்ற வாக்கை ராஜேஷ்குமார் பெரும்பாலும் காப்பாற்றுகிறார். அத்தியாயத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு இலக்கிய நாவலாசிரியர்கள் பலருக்குத் தெரியாது. அதே நேரம், கொலைக்கான காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெண் பாத்திரங்களின் வருணனை இன்று படிக்கையில் நெருடுகிறது. ரமணிசந்திரனிடம், பெண் சுயமரியாதையோடு பேசும் இடங்கள் வலுவாக இருக்கின்றன. முடிவில் எல்லாம் திருமணத்தில் கரைந்துவிடுவது அலுப்பூட்டுகிறது. இந்தக் கருத்துகளை அந்த நாவல்களை நூற்றுக்கணக்கில் படித்தவர்கள்தான் சொல்ல முடியும். படிக்காமலே ஒதுக்குபவர்களுக்கு அந்தத் தகுதி கிடையாது.

ஓசூரிலேயே வாழும் இரண்டு எழுத்தாளர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் நாவல் என்ற ஒரே வகைக்குள்ளும் எவ்வளவு இடைவெளி என்பது விளங்கும். பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’ 2008-இல் வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு, திப்பு சுல்தான் காலம், பார்வையிழந்த மனைவிக்கு மருந்து தேடி இந்தியாவுக்கு வரும் ஆங்கிலேயன், கதைக்குள் கதை என்று விரியும் பெரிய நாவல் அது. ஒரு வாக்கியம் அரைப்பக்கம் ஓடும். தலைசுற்றும். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து படிக்கும் புத்தகம் அது இல்லை. நீண்ட விடுமுறைக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டியது. பொறுத்துப் படித்தவருக்கு, இந்த வட்டாரத்து மலைக்கோட்டைகள் வேறு மாதிரித் தெரியத் தொடங்கும். வாக்கியங்களைச் சற்றே குறைத்திருந்தால் வாசகர் எண்ணிக்கை கூடியிருக்கும் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு.

ஆதவன் தீட்சண்யா நேரெதிர். ‘புது விசை’ இதழின் ஆசிரியர், முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தில் தீவிரமாக இயங்குபவர். அவருடைய ‘மீசை என்பது வெறும் மயிர்’ நந்தஜோதி பீம்தாஸ் என்ற எழுத்தாளரையே புதிதாகப் படைத்து, அவரோடு ஒரு நேர்காணலும் நடத்தி, அவர் எழுதியதாக ஒரு நாவலையும் தருகிறது. சாதியைப் பற்றிய கோபம் சிரிப்பாக வெளிப்படும் புத்தகம் அது; சிரித்த பிறகு வாசகருக்குச் சுருக்கென்று குத்தும். சில இடங்களில் கதையை விடக் கருத்து உரத்துப் பேசுகிறது. ஆனாலும் அரசியல் நாவல் வறண்டுதான் இருக்கும் என்று நம்புபவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. இவ்விருவரும் எழுதும் ஊரில் வாழ்ந்துகொண்டு இவர்கள் பெயர் தெரியாமல் இருப்பது ஓசூர்க்காரருக்குப் பெருமை இல்லை.

தொழிற்சாலை நகரத்தில் தொழிலாளர் நாவல்கள் பேசப்பட வேண்டாமா? தமிழில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. கைத்தறி நெசவாளர்களைப் பற்றித் தொ.மு.சி. ரகுநாதன் 1953-இலேயே ‘பஞ்சும் பசியும்’ எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களோடு பழகி ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். திண்டுக்கல் தோல் ஷாப்புகளைப் பற்றிய டி. செல்வராஜின் ‘தோல்’ 2012-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது. தேயிலைத் தோட்டத்துக் கொடுமைகளைச் சொன்ன பி.எச். டேனியலின் ஆங்கில நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். திருப்பூருக்குச் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’யும் எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’யும் இருக்கின்றன. இந்த வரிசையில் இன்றைய வாசகருக்கு முதலில் கையில் கொடுக்க வேண்டியது ‘மணல் கடிகை’. வேலை தேடி வந்த நண்பர்கள் பணம் வரவர எப்படி மாறுகிறார்கள் என்பதை எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் அது சொல்கிறது. திருப்பூர் என்ற பெயரை எடுத்துவிட்டு ஜூஜுவாடி என்று போட்டாலும் பாதி நாவல் பொருந்தும்.

மீதிப் பாதி பொருந்தாது, கவலையே அதுதான். திருப்பூர்ப் பின்னலாடைக்குக் கிடைத்த அளவு நாவல்கள் ஓசூரின் அசெம்பிளி லைனுக்குக் கிடைக்கவில்லை. நிரந்தரத் தொழிலாளியும் கான்ட்ராக்ட் தொழிலாளியும் ஒரே இயந்திரத்தில் வேறுவேறு சம்பளத்துக்கு நிற்பது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தமிழ் கற்றுக்கொள்வது, கிராமத்திலிருந்து ஆலைக்கு வரும் இளம்பெண்கள் விடுதியில் தங்கி முதல் சம்பளத்தைக் கையில் வாங்குவது, ராகி விளைந்த நிலம் மனைகளாவது என்று எழுதப்படாமல் கிடக்கும் வாழ்க்கை ஏராளம். இந்த நாவலை எழுதப்போகிறவர் அநேகமாக இப்போது ஏதோ ஒரு ஷிப்டில் இருக்கிறார். அவர் முதலில் நல்ல வாசகராக இருக்க வேண்டும்.

எல்லைப்புறத்துக்கென்று ஒரு தனி வசதி இருக்கிறது. ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீட்டுமொழிகள். தெலுங்கு பேசும் குடும்பங்கள் தமிழகத்தில் குடியேறிய கதையை ‘கோபல்ல கிராம’மாகக் கி. ராஜநாராயணன் கரிசல் தமிழில் சொன்னார். அவருடைய ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது. வீட்டில் தெலுங்கு பேசித் தமிழில் படிக்கும் ஓசூர்ப் பிள்ளைக்கு இதைவிட நல்ல அறிமுகம் வேறெது? ஓசூரை ஒட்டிய மாலூர் வட்டத்தில் மாஸ்தி கிராமத்தைச் சேர்ந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு கன்னடத்தின் மாபெரும் கதாசிரியரானவர். ‘சிக்கவீர ராஜேந்திரா’ நாவலுக்கு 1983-இல் ஞானபீட விருது பெற்றார்.

இன்றைய கன்னட எழுத்தும் தமிழில் சுடச்சுடக் கிடைக்கிறது. சித்தலிங்கையாவின் தன்வரலாறான ‘ஊரும் சேரியும்’ பாவண்ணன் மொழிபெயர்ப்பில் வந்தது. பசியையும் இழிவையும் குறும்புச் சிரிப்போடு சொல்லும் அந்தச் சிறிய புத்தகம் தன்வரலாறு என்ற வகையிலேயே முன்வரிசையில் நிற்கிறது. விவேக் ஷான்பாக்கின் ‘காச்சர் கோச்சர்’ நாவலைக் கே. நல்லதம்பி தமிழாக்கியிருக்கிறார். திடீர்ப் பணம் ஒரு பெங்களூர்க் குடும்பத்தை என்ன செய்கிறது என்பது கதை. மனை விற்றுக் கார் வாங்கிய எல்லைக் கிராமங்கள் தங்களை அதில் அடையாளம் காணும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். சொல்லாமல் விட்டது பல நாள் உறுத்தும். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிப் பெங்களூருக்கு வந்த யூதப் பெண்ணைப் பற்றி நேமிசந்திரா எழுதிய ‘யாத் வஷேம்’ நாவலின் தமிழாக்கத்துக்காக நல்லதம்பி 2022-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாடமி மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றார். 2025-இல் பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகள் தீபா பாஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் சர்வதேச புக்கர் பரிசை வென்றன. காவிரிக்காக இரண்டு மாநிலங்களும் மல்லுக்கட்டும் நாட்களிலும் இந்தப் புத்தகப் போக்குவரத்து நிற்கவில்லை. அதற்கான நன்றியை மொழிபெயர்ப்பாளர்களுக்கு வாசகர்கள் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் பழைய தர்மபுரி மாவட்டத்திலிருந்து 2004-இல் பிரிந்தது. இந்தப் பகுதி வாசகர் தவிர்க்கக் கூடாத நாவல் ஒன்று உண்டு. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’. சாதி மாறி மணந்து ஊருக்கு வரும் இளம் தம்பதியின் கதை. அப்படிச் சாதி மாறி மணந்து, பின் இறந்துகிடந்த தர்மபுரி இளைஞர் இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட புத்தகம் அது. அதன் ஆங்கில வடிவம் 2023-இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. காதல் கதையாகத் தொடங்கி, பக்கத்துக்குப் பக்கம் மூச்சை இறுக்கும். ஆலையில் அருகருகே வேலை பார்த்து, கேன்டீனில் ஒன்றாகச் சாப்பிட்டு, காதலித்து மணப்பவர்கள் பெருகிவரும் ஊரில், ‘பூக்குழி’யைப் பெற்றோர்கள் படிக்க வேண்டும்.

சுயமுன்னேற்ற நூல்களையும் போட்டித்தேர்வு நூல்களையும் பற்றிப் பேசாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. ஓசூர் புத்தகத் திருவிழாவானாலும் கிளை நூலகமானாலும் இளைஞர் கை முதலில் போவது அங்கேதான். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவரை இலக்கியம் படிக்கவில்லை என்று குறை சொல்வது கொடுமை. அவர் குடும்பமே அந்தப் புத்தகத்தை நம்பியிருக்கிறது. சுயமுன்னேற்ற நூல்களைப் பற்றிக் கறாராகவே சொல்ல வேண்டும். சேமிப்பு, நேரம், பழக்கம் பற்றி நடைமுறை யோசனை தருபவை பயன்படும். நினைத்தால் போதும், பணம் வரும் என்பவை தொழிலாளியின் உழைப்பையும் கூலியையும் பற்றிப் பேசாமல், கிடைக்காததற்கு அவர் மனத்தையே குற்றம் சாட்டுகின்றன. அந்த வகையை விடத் ‘தோல்’ நாவலின் ஒரு அத்தியாயம் அவருக்குத் தன் நிலையை நன்றாகப் புரியவைக்கும்.

வாசகருக்குச் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்ட க.நா.சுப்ரமண்யம் ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற கேள்வியையே ஒரு நூலின் தலைப்பாக வைத்தார். நட் ஹாம்சனையும் செல்மா லாகர்லெவ்வையும் ஆர்வெல்லையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். பிடித்தது எது என்று ஒளிக்காமல் சொல்லும் துணிவை அவரிடம் கற்கலாம். கல்கி போன்றோரின் வெகுஜன எழுத்தை அவர் முற்றாக ஒதுக்கியதைப் பின்பற்ற வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் சரியான வழி காட்டியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வெளியிட்டவர். பெங்களூரில் 1962-இல் ஆவணவியல் பயிற்சி மையத்தை நிறுவி, 1972-இல் அங்கேயே மறைந்தவர். எந்த வாசகருக்கும் உரிய புத்தகம் உண்டு, எந்தப் புத்தகத்துக்கும் உரிய வாசகர் உண்டு என்பதுதான் அவர் விதிகளின் சாரம். உயர்ந்த வாசகர், தாழ்ந்த வாசகர் என்ற பிரிவுக்கு அதில் இடமே இல்லை.

சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. இன்றும் சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்கிறது. ஓசூரில் கட்டப்படும் ஒவ்வொரு ஆலையும் வாடகைக் குடியிருப்பும் அந்த வரியைக் கட்டுகின்றன. அந்தப் பணம் திரும்பி இந்த ஊர் வாசகருக்கே வர வேண்டும். ஷிப்ட் முடிந்து வருபவருக்கு ஏற்ற நேரத்தில் நூலகம் திறந்திருக்க வேண்டும். ஜூஜுவாடி போன்ற எல்லைப் பகுதி நூலகங்களில் கன்னட, தெலுங்குப் புத்தகங்களும் அடுக்கப்பட வேண்டும். ஆலை நிர்வாகங்கள் கேன்டீன் பக்கத்தில் ஓர் அலமாரியாவது வைக்க வேண்டும். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் வாசகர் கருத்துக்கென்று ஒரு நோட்டு மேசையில் கிடக்கட்டும். மாவட்ட நூலகம் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து ஆண்டுக்கொரு முறை சிறு வெளியீடாகக் கொண்டுவரட்டும். நாளிதழ்களும் புத்தகப் பக்கத்தில் வாசகருக்கு ஒரு மூலை ஒதுக்கட்டும்.

மீதி வேலை வாசகருடையது. அடுத்த முறை ஒரு புத்தகத்தை முடித்ததும், அது க்ரைம் நாவலாக இருந்தாலும் காவியமாக இருந்தாலும், என்ன பிடித்தது, எங்கே சலித்தது, யாருக்குப் பரிந்துரைப்பீர்கள் என்று ஐந்து வரி எழுதுங்கள். உங்கள் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள்.